பெயர் தெரியாத 11 பருக்கள்: பள்ளிக்கு அனுப்பலாமா? ஒரு நிகழ்வு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை இரவு குளிப்பாட்டும்போதுதான் அம்மா கவனித்திருக்கிறார். பையனுக்கு 6 வயது. இடது அக்குளுக்குக் கீழே, விலாவில், சின்னச் சின்னதாகப் பருக்கள். எண்ணினால் 11. அரிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றான். வலிக்கிறதா என்றாலும் இல்லை. காய்ச்சல் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டிருந்தான். மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டிய கதையை அதற்குள் இரண்டு முறை சொல்லிக் காட்டியும் விட்டான். 9 மணிக்கு எனக்கு ஒரு படம் வந்தது. கீழே ஒரே வரி: "டாக்டர், காலையில் பள்ளிக்கு அனுப்பலாமா?"

குழந்தை மருத்துவராக இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த அம்மா "இது என்ன?" என்று கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் யோசித்தேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. தோலில் தோன்றுவதற்கெல்லாம் அன்றைக்கே பெயர் கிடைத்துவிடுவதில்லை. சிலவற்றுக்கு இரண்டு நாள் ஆகும், சிலவற்றுக்குப் பெயர் கிடைக்காமலே மறைந்துபோகும். பள்ளிக்கு அனுப்புவதா இல்லையா என்பதற்கோ விடிவதற்குள் பதில் வேண்டும். பெயர் தெரிந்த பிறகுதான் அந்தப் பதிலைச் சொல்ல முடியும் என்று நினைத்து, காரணமே இல்லாமல் வாரக்கணக்கில் வீட்டில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாமலேயே இந்த முடிவை எடுக்க முடியும். எப்படி என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோரின் ஒப்புதல் இருக்கிறது. அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். நான் செய்த தவறை விடவில்லை.

முதல் இரவு

படத்தை நம்பி எதுவும் சொல்லக் கூடாது. கைபேசியின் ஃபிளாஷ் நேராக விழுந்தால் எல்லாமே ஒரே மாதிரிச் சிவப்புப் புள்ளிதான். மேடா, நீர் கோத்த கொப்புளமா, கெட்டியான பருவா என்று தெரியாது. அதனால் தொலைபேசியில் அழைத்தேன்.

முதலில் பருக்களைப் பற்றிக் கேட்கவில்லை, பையனைப் பற்றிக் கேட்டேன். சோர்ந்து கிடக்கிறானா, எழுப்பினால் விழிக்கிறானா, மூச்சு வாங்குகிறதா, உதடோ முகமோ வீங்கியிருக்கிறதா, கழுத்தைக் குனியச் சிரமப்படுகிறானா. பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துவரச் சொன்னேன். அதன் பக்கவாட்டைப் பருக்கள்மீது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது சிவப்பு மங்கினால் நல்லது. மங்காமல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ அப்படியே நின்றால், தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். காய்ச்சலோடு அப்படி இருந்தால், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அந்த நிலையில் பள்ளியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்தப் பையனுக்கு அழுத்திய இடம் வெளிறியது. மற்றவையும் இல்லை. என் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதி அதற்குப் பின் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அதே பள்ளியில், வேறொரு வகுப்பில், ஒரு குழந்தைக்குச் சின்னம்மை. இருவரும் ஒரே பஸ்ஸில் வருபவர்கள். இவனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டிருந்தது. போகிற போக்கில் அம்மா சொன்ன இன்னொரு செய்தி: வகுப்பு ஆசிரியை ஐந்து மாதக் கர்ப்பிணி.

சின்னம்மைக் கிருமி உடலுக்குள் போய் 10 முதல் 21 நாளுக்குள் வெளியே தெரியும். இரண்டு வாரம் என்பது அந்தக் கணக்கின் நடுவில் வந்து உட்காருகிறது. ஒரு தவணை ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு, சுமார் 82 விழுக்காடு, காப்பு இருக்கும். ஆனால் ஊசியையும் மீறி வரும் சின்னம்மை வேடம் மாற்றிக்கொண்டு வரும். பருக்கள் 50-க்கும் குறைவாக இருக்கும், பலவற்றில் நீரே கோக்காது, காய்ச்சலும் இல்லாமல் போகலாம். அதாவது அன்று இரவு அந்தப் பையன் இருந்த நிலையிலேயே இருக்கலாம். அத்தகைய சின்னம்மை, ஊசி போடாதவர்களின் சின்னம்மையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பரவும். ஆனாலும் பரவும். கர்ப்பிணிக்கு முன்பே சின்னம்மை வந்திராவிட்டால் அது நுரையீரல்வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம், கருவையும் தாக்கலாம்.

எனக்கு உள்ளுக்குள் சின்னம்மை என்று தோன்றவில்லை. ஒரு பக்க விலாவில் மட்டும், தலையிலும் முகத்திலும் ஒன்றுகூட இல்லாமல், அரிப்பே இல்லாமல் வருவது அதன் வழக்கமில்லை. ஆனாலும் திங்கட்கிழமை வீட்டில் வைத்திருங்கள் என்றேன். என் ஊகம் தவறாக இருந்தால் அதன் விலையைக் கொடுக்கப்போவது நானோ பையனோ இல்லை, அந்த ஆசிரியை. சரியாக இருந்தால் பையனுக்கு நஷ்டம் ஒரு நாள். கதை சொல்லக் காத்திருந்தவனுக்கு அந்த ஒரு நாளும் சின்ன விஷயமில்லைதான்.

இன்னொன்றும் சொன்னேன். சின்னம்மை பரு தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். அப்படியானால் வெள்ளிக்கிழமையே ஆசிரியைக்குத் தொற்று போயிருக்கலாம். எனவே நோய் உறுதியாகும்வரை காத்திருக்காமல், "இன்னும் எதுவும் உறுதியில்லை, உங்களுக்கு முன்பு சின்னம்மை வந்திருக்கிறதா?" என்று காலையிலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள் என்றேன். வராதவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் எதிர்ப்புரத ஊசி போட 10 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை நாம் தூங்கிக் கழிக்கக் கூடாது. அம்மா கேட்டார். ஆசிரியைக்குச் சிறுவயதிலேயே வந்துபோயிருந்தது. தன் மருத்துவரிடமும் பேசி அவர் நிம்மதியடைந்தார்.

பேனா வட்டம்

சின்னம்மைக்கு ஒரு நடை உண்டு. சிவந்த புள்ளி பருவாகும், பருவில் நீர் கோக்கும், கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டும். ஒரு பருவுக்கு இந்த முழுப் பயணமும் ஓரிரு நாளில் முடியும். அதற்குள் பக்கத்தில் புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆகையால் ஒரு சாண் இடத்தில் புள்ளியும் கொப்புளமும் பொருக்கும் கலந்து கிடக்கும். நீர் கோக்காத வகையிலும் புதிய பருக்கள் கிளம்புவது நிற்பதில்லை. 24 மணி நேரம் புதிதாக ஒன்றும் வராவிட்டால்தான் தொற்றும் காலம் முடிந்தது என்று கணக்கு.

எனவே அன்று எங்களுக்குத் தேவைப்பட்ட பரிசோதனை நேரம்தான். அப்பாவிடம் ஒரு பால்பாயின்ட் பேனா எடுக்கச் சொன்னேன். மூன்று பருக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் 1, 2, 3. பருக்கூட்டம் முடியும் இடத்தில் மேலும் கீழும் ஒரு கோடு. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் ஒவ்வொரு மேடும் தன் நிழலைப் போடும். பையன் கூச்சத்தில் நெளிந்திருக்கிறான். இரண்டாம் வட்டம் முட்டையாகிவிட்டது என்று அப்பா வருந்தி எழுதியிருந்தார்.

திங்கள் காலை 7 மணி, பகல் 1 மணி, மாலை 5 மணி. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முட்டை வட்டத்துக்குள் இருந்த பரு முதல் படத்தில் எப்படியோ அப்படியே கடைசிப் படத்திலும். கோட்டைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

மாலை நேரில் வந்தார்கள். உடை முழுவதையும் களைந்து பார்த்தேன். உச்சந்தலை, வாய்க்குள், உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், உள்ளாடை மறைக்கும் இடம். விலாவில் 11 என்று சொன்னவர்கள் முழங்கையின் உள்மடிப்பில் இருந்த நான்கைப் பார்க்கவில்லை. அங்கே தோல் வறண்டு, கரப்பான் எனும் எக்ஸிமா லேசாக இருந்தது. உருப்பெருக்கியில் ஒவ்வொரு பருவும் 2, 3 மில்லிமீட்டர். தோல் நிறத்திலேயே, முத்துபோல மெருகேறி, உருண்டையாக. டார்ச்சைச் சாய்த்தபோது, பெரிதாக இருந்த ஐந்தாறின் உச்சியில் ஊசிமுனையால் தொட்டதுபோல ஒரு சின்னக் குழி. தொப்புள்போன்ற அந்தக் குழியைப் பார்த்ததும் பெயரும் கிடைத்துவிட்டது: மொலஸ்கம் கன்டாஜியோசம். பேச்சுவழக்கில் பாலுண்ணி என்று சொல்லப்படுபவற்றில் இதுவும் சேரும்.

அம்மாவின் முகத்தில் அப்போதும் அந்த 'அம்மை' என்ற சொல் நின்றது. அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். மொலஸ்கம் வைரஸ், பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மையோ அந்தக் குடும்பமே இல்லை, ஹெர்பிஸ் வகை. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தக் குடும்பத்தில் இன்றும் நம் பிள்ளைகளிடையே சாதாரணமாகச் சுற்றுவது இந்தச் சாதுவான உறவுக்காரன்தான். தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போகாது, ரத்தத்தில் கலக்காது, காய்ச்சல் தராது.

போகலாம் என்று ஏன் சொன்னேன்

பெயர் கிடைத்ததால் மட்டும் இல்லை. பெயர் கிடைக்காமல் போயிருந்தாலும் திங்கள் மாலை என் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது பார்க்க வேண்டியது, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் தன் வழிகாட்டலில் சொல்வது, மூன்றே விஷயம்தான். பிள்ளையால் வகுப்பில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து இயங்க முடிகிறதா? அவனைக் கவனிப்பதால் மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க ஆசிரியருக்கு முடியாமல் போகுமா? அவனிடமிருந்து தீங்கான நோய் ஒன்று பரவும் வாய்ப்பு இருக்கிறதா? காய்ச்சலும் இல்லாமல், நடத்தையிலும் மாற்றம் இல்லாமல் வெறும் பருக்கள் மட்டும் இருக்கும் பிள்ளையைப் பொதுவாக வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. ஞாயிறு இரவு நான் நிறுத்தியது மூன்றாம் கேள்விக்காக. 20 மணி நேரத்தில் பேனா வட்டம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. குழியே தெரியாமல் இருந்திருந்தாலும் சின்னம்மை விலகியிருந்தது, விரலிடுக்கும் மணிக்கட்டும் சுத்தமாக இருந்தன, சீழ் இல்லை, வாய்ப்புண் இல்லை.

மொலஸ்கமும் தொற்றும். அதை மறைக்கவில்லை. தோலோடு தோல் உரசினால், துண்டைப் பகிர்ந்தால், சொறிந்த விரலால் தன் உடம்பிலேயே வேறு இடத்தைத் தொட்டால் பரவும். ஆனால் அது மறைய எவ்வளவு காலம் ஆகும் என்று பாருங்கள். பிரிட்டனில் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சராசரி 13 மாதம். 10 பிள்ளைகளில் மூவருக்கு ஒன்றரை வருடம் கழித்தும் இருந்தது. மறையும்வரை வீட்டில் வை என்பது ஒரு வகுப்பையே தொலைத்துவிடு என்பதற்குச் சமம். அதனால்தான் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை இந்த நோய்க்கு ஒரு நாள்கூட விடுப்பு தேவையில்லை என்கிறது. சட்டை மூடாத பருவை ஒட்டுப்பட்டையால் மூடினால் போதும். துண்டு தனியாக இருக்க வேண்டும், நீச்சலுக்கு நீர் புகாத பட்டை ஒட்ட வேண்டும். இவனுக்கு வறண்ட தோலும் இருந்ததால், சொறியாமலிருக்க மடிப்புகளில் தினமும் இரண்டு வேளை ஈரப்பசைக் களிம்பு.

கிள்ளி எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளே இருக்கும் வெள்ளைக் குருணை முழுக்க வைரஸ். கிள்ளினால் பரவும், தழும்பும் ஆகலாம். கரைக்கும் மருந்துகள் இருக்கின்றன. காந்தாரிடின் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. ஆனால் தொந்தரவு தராத 15 பருக்களுக்காக 6 வயதுப் பிள்ளையின் தோலில் கொப்புளம் உண்டாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

என் ஒரு வரிக் கடிதம்

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினேன். "இந்த மாணவன் பள்ளிக்கு வரலாம்." கையெழுத்து, தேதி. கூடத்தில் கூட்டம் காத்திருந்தது. அவ்வளவுதான் எழுதினேன்.

காலை 10 மணிக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு. சட்டைக் கைக்குக் கீழே தெரிந்த பருக்களைப் பார்த்துவிட்டு, பையனை வகுப்பிலிருந்து எடுத்துத் தனி அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். "எல்லாம் போன பிறகு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா போனபோது அவன் கைகளிரண்டையும் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருந்தானாம். "அம்மா, நான் யாரையும் தொடக் கூடாதா?"

கோபம் வந்தது. பள்ளியின்மீதுதான் முதலில். கொஞ்சம் ஆறிய பிறகு, குறை என் கடிதத்தில் என்று புரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சின்னம்மை பார்த்த பள்ளி அது. வகுப்பில் 30 பிள்ளைகள், 30 வீடுகள். "அந்தப் பையனுக்கு என்ன?" என்று வேறு பெற்றோர் கேட்டால் ஆசிரியை என்ன பதில் சொல்வார்? நான் அவர் கையில் அனுமதியை மட்டும் கொடுத்தேன், பதிலைக் கொடுக்கவில்லை. அந்த அலட்சியத்தால் பையனுக்குப் போன பள்ளி நாட்கள் நான்கு. நோயால் போனதைவிட அது மூன்று நாள் அதிகம்.

இரண்டாவது கடிதத்தைப் பெற்றோரிடம் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகு அனுப்பினேன். பருக்களின் பெயர் என்ன, சின்னம்மை இல்லை என்று எப்படி உறுதி செய்தோம், மாதக்கணக்கில் இருக்கும் என்பதால் அவை இருப்பதே விடுப்புக்குக் காரணமாகாது, பள்ளி செய்ய வேண்டியது பட்டை அவிழ்ந்தால் வேறு ஒட்டுவதும் துண்டு பகிராமல் பார்த்துக்கொள்வதும் மட்டுமே, தனியாக உட்காரவைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, எந்த அறிகுறி வந்தால் வீட்டுக்கு அழைக்க வேண்டும். கடைசியில் என் தொலைபேசி எண். தலைமையாசிரியர் அழைத்தார். 10 நிமிடம் பேசினோம். நல்ல கேள்விகள் கேட்டார். மறு திங்கட்கிழமை பையன் வகுப்புக்குப் போனான், கதையையும் சொன்னான்.

வேறாக இருந்திருந்தால்

விரலிடுக்கில் கோடுகோடாகத் தடம், இரவில் தூங்கவிடாத அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு என்றிருந்தால் சிரங்குப் பூச்சி. வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டும். முதல் பூச்சு முடிந்தால் பள்ளிக்குப் போகலாம், ஒரு வாரம் கழித்து மறுபூச்சு. முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கைந்து வாரம் ஆகும் என்பதால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டில் யாரும் ஒதுங்கக் கூடாது. தேன் காய்ந்ததுபோல மஞ்சள் பொருக்கு என்றால் பாக்டீரியாப் புண், ஆன்டிபயாடிக் தொடங்கி ஒன்றிரண்டு நாள் வீட்டில். உள்ளங்கை, பாதம், வாய் மூன்றிலும் என்றால் கை கால் வாய் நோய். காய்ச்சல் விட்டு, சாப்பிட முடிந்து, தெம்பாக இருந்தால் போகலாம். வந்த தடிப்பு ஒரு நாளுக்குள் இடம் மாறி மாறித் தோன்றினால் காணாக்கடி. அதுவும், பூச்சிக்கடியும், வியர்க்குருவும் யாருக்கும் தொற்றாது. உறுதியான சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, குறைந்தது 5 நாள், வீடுதான். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் மாதம்

பருக்கள் 40-ஐத் தொட்டிருந்தன. அதற்குள் பள்ளிக்குப் பழகிவிட்டது. ஒரு புதன்கிழமை விலாவில் ஏழெட்டுப் பருக்கள் திடீரென்று சிவந்து வீங்கின, ஒன்றின் நுனியில் சீழ்போல வெண்மை. பள்ளி வீட்டுக்கு அனுப்பியது. இம்முறை அவர்கள் செய்தது சரி, என் கடிதத்தில் "தோல் சிவந்து வீங்கினால் சொல்லுங்கள்" என்று நானே எழுதியிருந்தேன். பையனுக்குக் காய்ச்சல் இல்லை. சிவப்பு பருவைச் சுற்றி மட்டும் நின்றது, தோலில் படரவில்லை. தொட்டால் பெரிய வலியும் இல்லை. இது உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை அடையாளம் கண்டுகொண்டதன் அறிகுறி. மாதக்கணக்காக ஒளிந்திருந்த கிருமி பிடிபட்டுவிட்டது. பார்க்க மோசமாக இருப்பதுதான் குணமாவதன் தொடக்கம். ஆன்டிபயாடிக் எழுதவில்லை. மீண்டும் பேனா எடுத்து, சிவப்பின் விளிம்பில் கோடு போட்டு அனுப்பினேன். மறுநாள் கோட்டுக்குள்ளேயே இருந்தது. அவன் பள்ளியில் இருந்தான்.

11-ம் மாதம் வந்தபோது விலாவில் வெளிறிய சின்னக் குழிகள் மூன்று மட்டும் மிச்சம். அவன் சட்டையை உயர்த்தி அவற்றைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா தங்கையின் முழங்காலுக்குப் பின்புறத்தைத் திருப்பினார். முத்துபோல மூன்று பருக்கள். "இவளுக்கு எப்போது வந்தது?" என்று கேட்டேன்.

"இரண்டு வாரம் ஆகிறது, டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தோம், குழி தெரிந்தது. பட்டை ஒட்டி, ஆசிரியையிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்."